அமைச்சர் மிதித்த பலகை

மழை பெய்தால் துண்டு துண்டாகிப் போகும் நாடு ஒன்று இருந்தது. அதன் பெயர் ஓடைவள நாடு. மலையிலிருந்து நாற்பத்திரண்டு ஓடைகள் இறங்கி, ஒன்றோடொன்று சேர்ந்து, கடைசியில் ஒரே ஆறாகிக் கடலுக்குப் போயின. ஒவ்வோர் ஓடைக்கும் அக்கரையில் ஒரு சிற்றூர். சாலை, சந்தை, வைத்தியசாலை, கல்லுடைக்கும் வேலை எல்லாம் இக்கரையில். ஆடியில் முழங்கால் அளவு ஓடும் தண்ணீர், ஐப்பசியில் யானையையும் உருட்டிக்கொண்டு போகும்.

நாட்டுக்குப் பெருங்கோ என்ற அரசர் இருந்தார். அவருக்கு ஓடைக்கு ஒருவர் வீதம் நாற்பத்திரண்டு அமைச்சர்கள் இருந்தார்கள். எந்த ஓடைக்கு எந்த அமைச்சர் என்று குடிகளுக்குத் தெரியாது. அமைச்சர்களுக்கும் தெரியாது. அதனால் இரு தரப்புக்கும் மனத்தாங்கல் இல்லை.

ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் வரும். குடிகள் வரிசையில் நின்று குடத்தில் கூழாங்கல் போடுவார்கள். தேர்தல் எப்போதும் சித்திரையில்தான். சித்திரையில் ஓடைகளில் மணல்தான் கிடக்கும். வேட்பாளர்கள் செருப்புக்கூட நனையாமல் அக்கரைக்கு நடந்துவந்து, "என்ன வேண்டும்?" என்று கேட்பார்கள்.

"பாலம் வேணும்யா."

"எதற்கு மேலே?" என்பார்கள், மணலைப் பார்த்தபடி.

குடிகளும் மணலைப் பார்ப்பார்கள். மணல் மணல்தானே.

ஒரு தேர்தலில் இக்கரைக் கற்களைவிட அக்கரைக் கற்கள் அதிகம் என்று யாரோ எண்ணிச் சொல்லிவிட்டார்கள். உடனே நாற்பத்திரண்டு ஊருக்கும் நடைபாலம் என்று அறிவிப்பு வந்தது. அதற்கென ஒரு துறை உண்டானது. பாலப் பேரமைச்சராகச் செங்கழுநீரார் பதவியேற்றார்.

ஓடைகள் எல்லாம் சேர்ந்து ஓடும் கடைசி இடத்தில் இருந்த ஊரின் பெயர் கடைக்கரை. நாட்டில் எது வந்தாலும் அந்த ஊருக்குக் கடைசியில்தான் வரும். மேலேயிருந்து வரும் குப்பை மட்டும் முதலில் வந்து சேரும்.

கடைக்கரை ஆண்கள் கல் சுமக்கிறவர்கள். வேலை இக்கரையில், வீடு அக்கரையில். வெள்ளம் எந்த நாளில் வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த நாளில் எவன் எந்தக் கரையில் நிற்கிறானோ, தை வரைக்கும் அங்கேதான். அதனால் அந்த ஊர்க் குடும்பங்கள் நான்கு மாதம் கரைக்குக் கரை கத்தித்தான் வாழ்க்கை நடத்தின. மாவு அரைத்தாயிற்றா என்பதையும் கத்திக் கேட்க வேண்டும், கோபத்தையும் கத்தித்தான் சொல்ல வேண்டும், கொஞ்சுவதானாலும் கத்தித்தான். ஊரில் யாருக்கும் ரகசியம் கிடையாது. எல்லாருக்கும் நல்ல தொண்டை.

மாசாணம் அந்த ஊர்க்காரன். முப்பது சுமையாட்களுக்குத் தலைவன். தோளில் கழுத்துப் பக்கம் காய்ப்பு ஏறி, சட்டை போட்டால் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். அவனுக்கும் சுடலிக்கும் கல்யாணமாகி ஏழு ஆண்டு. ஏழு ஐப்பசியும் அவன் இக்கரையில்தான் மாட்டிக்கொண்டான்.

பாலம் ஒன்றே ஒன்றுதான் செய்தார்கள். ஆனால் நல்ல பாலம். அதில் குறை சொல்ல முடியாது. கை மொத்தத்தில் நான்கு வடங்கள், நூற்றிருபது பலகைகள். பலகையின் மேல்பக்கமெல்லாம் கிளிப்பச்சை வர்ணம். சுமக்கிற ஆட்கள் கடைக்கரையிலேயே இருந்ததால், அதிசயமாக ஆனி மாதத்தில் அங்கேதான் முதல் திறப்பு விழா நடந்தது. மாசாணத்தின் ஆட்கள்தான் சுமந்துவந்து கட்டினார்கள். பேரமைச்சர் பத்துப் பலகை தூரம் நடந்தார், நின்றார், கையசைத்தார், திரும்பினார். மேளம் கொட்டியது. வந்தவர்கள் இருநூறு இளநீர் குடித்தார்கள்.

மறுநாள் காலையில் சுடலி ஆட்டை ஓட்டிக்கொண்டு பாலத்துக்கு வந்தாள். மாசாணம் வடத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"ஏய்யா, நேத்து கட்டுனத இன்னைக்கு அவுக்கிறீரே. இது பாலமா, பாடையா?"

"மேலேருந்து உத்தரவு வந்திருக்குட்டி."

உத்தரவை வைத்திருந்தவர் கண்காணி சபாரத்தினம். துறையின் எல்லாப் பாலங்களையும், அதாவது அந்த ஒரு பாலத்தை, மேற்பார்வையிடும் அதிகாரி. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "பாலம் பொதுச்சொத்து. ஒரே ஊரில் கட்டிப்போட்டால் மற்ற நாற்பத்தோர் ஊருக்கும் அநீதி. ஆகவே பாலம் ஊர் ஊராக நடக்கும்."

"நாங்க நடக்கத்தான சாமி பாலம் கேட்டோம்?"

"நீங்கள் நடந்தால் ஓர் ஊருக்கு நன்மை. பாலம் நடந்தால் நாட்டுக்கே முன்னேற்றம்."

ஆடு மட்டும் ஏதோ பதில் சொன்னது. பாலம் முப்பது தோள்களில் ஏறி இரண்டாம் ஊருக்குப் புறப்பட்டது. கடைக்கரையில் பாலம் உண்டு என்று ஆவணத்தில் ஏறியது ஏறியதுதான்.

அதற்குப் பிறகு உத்தரவுகள் வரிசையாக வந்தன.

பாலம் திறக்கப்பட்ட ஊரில் பரிசல் ஓடுவது பாலத்துக்கு அவமதிப்பு என்று முதல் உத்தரவு. வெள்ளம் வரும்வரை ஆளைக் கடத்திவந்த பரிசல்களைக் கரையில் குவித்துக் கொளுத்தினார்கள். ஆடித் தண்ணீரில் கிழவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தார்கள்.

திறக்கப்பட்ட பாலத்துக்குக் காவல் வேண்டும் என்று அடுத்த உத்தரவு. ஊருக்கு ஒருவன் வீதம் காவலன் நியமிக்கப்பட்டான். கடைக்கரைக்குச் சுடலியின் அண்ணன் வீரணன். பாலம் இருந்த இடத்தில் ஈட்டியோடு நின்று, இருபது பேருக்கு மேல் ஒரே சமயத்தில் பாலத்தில் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தினமும் ஓலையில் அறிக்கை எழுத வேண்டும். வீரணனுக்கு எழுத்து தெரியாது. பதவிக்காக இரண்டே இரண்டு சொல் கற்றுக்கொண்டான்: பாலம் நலம். தினமும் அதை எழுதினான். விடுப்பில் வரும்போதெல்லாம் மாசாணம் அவனைக் கேலி செய்தான்.

"மச்சான், இன்னைக்குப் பாலம் எப்படி இருக்கு?"

"நேத்தவிட இன்னைக்கு நல்லாருக்கு மாப்ள. ஆட்டமே இல்ல."

மூன்றாவது உத்தரவு சோதிடரிடமிருந்து பிறந்தது. பேரமைச்சர் தாம் ஒருமுறை மிதித்த பலகையை இன்னொருமுறை மிதித்தால் பதவி பறிபோகும் என்று சோதிடர் கணித்திருந்தார். எனவே ஒவ்வொரு திறப்பு விழாவிலும் அவர் நடக்கும் பத்துப் பலகைகள் புதிதாக இருக்க வேண்டும். அவர் அந்தப் பத்தின் மேல் போய், அதே நடையில் திரும்பி வருவதால் குற்றமில்லை. அது ஒரே மிதி என்று சோதிடரே விளக்கம் கொடுத்தார். பேரமைச்சர் இக்கரைக்குத் திரும்பிய பிறகு விழா முடிந்ததாகும். விழா முடிந்ததும் மிதிபட்ட பத்துப் பலகைகளையும் கழற்றி ஓடையில் எறிந்துவிட வேண்டும். உயிரோடு இருக்கிற மரத்தை வெட்டி, அறுத்து, இழைத்து, வர்ணம் பூசி, ஒரு மனிதர் பத்து அடி வைத்ததும் தண்ணீரில் விட்டார்கள். அறுத்தவன் தோள் வலி ஆறுவதற்குள் பலகை போய்விடும்.

பள்ளம் அகலமாக இருந்த மலையோர ஊர்களில் பாலம் பாதியிலேயே முடிந்தது. மறுமுனையை வாழைமரத் தோரணம் கட்டி மறைத்தார்கள். பேரமைச்சர் பத்துப் பலகைக்கு மேல் போனதில்லை என்பதால் அவருக்கு அது கடைசிவரை தெரியாது.

ஆடிக் கடைசியில் மாசாணம் ஒருநாள் விடுப்பில் ஆற்றங்கரைக்கு வந்து கத்தினான். தண்ணீர் மார்பளவுக்கு ஏறியிருந்தது.

"ஏட்டி சுடலி! நல்லாருக்கியா?"

"எனக்கென்ன! பச்சைப் பலகையா மெதந்து வருது. ஆட்டுக்குக் கொட்டகை போட்டுட்டேன்!"

மாசாணம் மேலிருந்து வரும் தண்ணீரைப் பார்த்தான். நாற்பத்திரண்டு ஓடையும் கடைக்கரையைத் தொட்டுத்தான் கடலுக்குப் போக வேண்டும். எந்த ஊரில் எறிந்தாலும் அந்தப் பலகை அவன் பெண்டாட்டி கை நீட்டும் இடத்துக்குத்தான் வரும்.

"கொட்டகையப் பிரி!" என்று கத்தினான். "பலகைய எண்ணி அடுக்கி வை!"

"எத்தனை வரைக்கும்?"

"நூத்திருபது!"

சுடலி அதற்கு மேல் விளக்கம் கேட்கவில்லை. ஏழு ஆண்டாகக் கத்திக் குடும்பம் நடத்தினவளுக்குச் சிக்கனமாகப் பேசத் தெரியும்.

அதன் பிறகு மாசாணம் பலகைகளைக் கண்டபடி எறியவில்லை. விழா முடிந்ததும் தோரணத்து வாழைமரங்களை வெட்டி, அவற்றோடு ஐந்தைந்து பலகையாகக் கட்டி, தண்ணீர் இழுக்கும் இடம் பார்த்து இறக்கிவிட்டான். விருந்தாளிகள் குடித்துப் போட்ட இளநீர் மட்டைகளையும் உருட்டிவிட்டான். ஆட்கள் கேள்வி கேட்கவில்லை. கண்காணி ஒருமுறை பார்த்துவிட்டு, "உத்தரவை இவ்வளவு அக்கறையாக நிறைவேற்றும் ஆளை நான் கண்டதில்லை" என்று பாராட்டினார்.

கடைக்கரையில் பெண்கள் ஆற்றின் வளைவில் நின்று எல்லாவற்றையும் இழுத்துப் போட்டார்கள். மட்டையைச் சேற்றில் புதைத்து ஊறவைத்து, அடித்து, நார் எடுத்தார்கள். இளநீர் மட்டையில் நார் குறைவு, அந்த நாருக்குப் பலமும் குறைவு. அதனால் கற்றாழை நாரைக் கலந்தார்கள். மூன்று புரி போடும் இடத்தில் ஏழு புரி போட்டார்கள். கயிறு திரித்துத் திரித்து விரல் நுனியில் ரேகை போயிற்று. கரையில் உட்கார்ந்து வீரணன் வேடிக்கை பார்த்தான். சுடலி அவனிடம் ஒரு நுனியைக் கொடுத்தாள்.

"எண்ணே, இல்லாத பாலத்தக் காவல் காக்கியே. வரப்போற பாலத்துக்கும் ஒரு கை கொடு."

ஆவணியில் மாசாணம் மறுபடி வந்தபோது சுடலி ஒரே ஒரு செய்திதான் சொன்னாள்.

"எழுவது ஆயிருச்சு! இந்தாரும், ஐப்பசி பொறக்கையில நீரு இந்தக் கரையில நிக்கணும். அந்தக் கரையில நின்னு கத்துனீருன்னா நான் பதில் சொல்ல மாட்டேன்!"

"ஏட்டி, அப்படிச் சொல்லாத!"

"ஏழு வருசம் சொன்னேன். தொண்டை எனக்கும் ஒண்ணுதான்!"

வெள்ளம், பாறை, கண்காணி எதற்கும் பயந்தவன் இல்லை மாசாணம். ஆனால் நான்கு மாதம் அந்தக் குரல் வராமல் ஆற்றங்கரையில் நிற்பதை அவனால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. கண்காணியிடம் விடுப்புக் கேட்டான். நாற்பத்திரண்டு திறப்பும் முடியாமல் ஒருவனும் வீட்டுக்குப் போகக்கூடாது என்று உத்தரவு இருப்பதாகக் கண்காணி சொன்னார்.

புரட்டாசியில் மழை முந்திக்கொண்டது. சாலை சேறாகி, அவிழ்த்த பாலம் பதினாறாம் ஊரிலேயே சுருண்டு படுத்துவிட்டது. இனி சுமக்க முடியாது என்று ஆனதும் மாசாணம் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு கடைக்கரைக்கு ஓடினான். இரண்டு நாள் நடந்தான். ஐப்பசி முதல் நாள் காலையில் கரைக்கு வந்தபோது ஆறு இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு செந்நிறமாகப் போயிற்று.

அக்கரையில் சுடலி நின்றாள்.

"ஏட்டி சுடலி! வந்துட்டேன்!"

பதில் இல்லை.

"ஒரு நாள்தான் பிந்திட்டேன்! சாலை கெட்டுப்போச்சு!"

அவள் திரும்பி நின்றுகொண்டாள். குனிந்து ஏதோ செய்தாள். ஆறு பேரும் மாசாணத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தார்கள். அந்த ஊரில் ஒரு கூப்பிடலுக்குப் பதில் வராமல் போவதை அவர்கள் அதற்கு முன் கேட்டதில்லை.

பிறகு அவள் நிமிர்ந்தாள். கையில் கவண். சாமைக் கொல்லையில் குருவி விரட்டுகிற கவண்தான். தலைக்கு மேலே மூன்று சுற்று சுற்றி விட்டாள். கல் நடுஆற்றில் விழுந்தது. இழுத்து மறுபடி விட்டாள். ஏழாவது கல் மாசாணத்தின் காதை உரசிக்கொண்டு போய்ப் பின்னால் மருதமரத்தில் பட்டு விழுந்தது. கல்லின் வாலில் மெல்லிய கற்றாழைச் சரடு.

மாசாணம் சரடைப் பிடித்து இழுத்தான். சரடின் மறுநுனியில் கயிறு. கயிற்றின் மறுநுனியில் கை மொத்தத்துக்கு வடம். வாய் திறந்து பதில் சொல்வதில்லை என்றுதான் அவள் சொல்லியிருந்தாள்.

மூன்று நாள் வேலை நடந்தது. அதே பாலத்தைப் பதினாறு முறை கட்டி, பதினாறு முறை அவிழ்த்த கைகள் அவை. முடிச்சு எங்கே விழ வேண்டும், எந்த வடம் முதலில் இறுக வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். நாட்டில் பாலம் கட்டத் தெரிந்த ஆட்களை வேறு யாரும் அல்ல, துறையே உருவாக்கியிருந்தது. இக்கரையில் வடத்தை மருதமரத்திலும் அதன் பின்னாலிருந்த பாறையிலும் கட்டினார்கள். அக்கரையிலிருந்து பெண்கள் பலகையைக் கோத்துக்கொண்டே வந்தார்கள். நூற்றிருபத்தாறு சேர்ந்திருந்தது, ஆறு மிச்சம். கிளிப்பச்சை வர்ணம் மழையில் வழுக்கும் என்று கண்டு, பச்சைப் பக்கத்தைக் கீழே போட்டு வெறும் மரம் மேலே வரும்படி திருப்பிப் போட்டார்கள்.

கடைசிப் பலகை விழுந்ததும் மாசாணம் நடந்தான். மறுமுனையில் சுடலி இடுப்பில் கைவைத்து நின்றாள். அவன் காலைப் பார்த்தாள்.

"எம்புட்டுச் சேறு. தொடச்சிட்டு வாரும்."

அதுதான் அந்த ஐப்பசியில் அவள் பேசிய முதல் பேச்சு. கத்தாமல் பேசினாள். மாசாணம் காலைத் துடைத்துக்கொண்டு எட்டாவது ஆண்டில் முதல்முறையாக ஐப்பசிச் சோறு வீட்டில் தின்றான்.

பத்து நாள் கழித்துக் கண்காணி சபாரத்தினம் வழியில் கடைக்கரையைக் கடந்தார். கடந்தவர் திரும்பி வந்தார். ஆற்றுக்கு மேலே ஆடு போய்க்கொண்டிருந்தது.

"இது என்ன?" என்றார்.

வீரணன் ஈட்டியை நிமிர்த்தினான். "பாலம்ங்க."

"எப்போது வந்தது?"

"ஐயா முன்னிலையிலதான ஆனி மாசம் தொறந்தாங்க. அன்னையிலிருந்து காவல் காக்கேன். தெனமும் எழுதிருக்கேனே, பாலம் நலம்னு."

கண்காணி குனிந்து பாலத்தின் அடியைப் பார்த்தார். கிளிப்பச்சை. அரசாங்க வர்ணம். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் விளங்கியதை எழுத வழியில்லை. இது அனுமதியில்லாத பாலம் என்று எழுதினால், அனுமதித்த பாலம் இங்கே இல்லை என்றும் எழுத வேண்டும். திறக்கப்பட்ட பதினாறு பாலங்களில் ஆவணத்தில் உள்ளபடியே நிற்கிற பாலம் இது ஒன்றுதான். அதுவே அவருக்குப் பெரிய சந்தேகத்தைக் கொடுத்தது. நெடுநேரம் யோசித்துவிட்டு, வீரணனின் ஓலையை வாங்கி, ஒரு சொல் சேர்த்துக் கையெழுத்திட்டார்: பாலம் மிகவும் நலம்.

இந்தச் சமயத்தில் அவையில் குணவாயிலார் என்ற அமைச்சர் எழுந்து, "பதினாறு பாலம் திறந்தீர்கள். மனிதன் அக்கரை சேர்ந்த பாலம் ஒன்றைக் காட்ட முடியுமா?" என்று கேட்டுவிட்டார். அவருக்குப் பாலத்தில் அக்கறை இல்லை, பாலத் துறையில்தான். பெருங்கோ கொட்டாவி விட்டபடி, "செங்கழுநீரே, நீரே ஒரு பாலத்தில் நடந்து அக்கரை சேர்ந்துவிட்டு வந்து சொல்லும்" என்றார்.

பேரமைச்சர் கண்காணியைத் தனியே அழைத்தார். "எங்காவது பாலம் இருக்கிறதா?"

"கடைக்கரையில் ஒன்று இருக்கிறது, ஐயா."

"இருக்கிறதா?" பேரமைச்சர் திடுக்கிட்டார். "யார் அனுமதித்தது?"

"தாங்கள்தான், ஐயா. ஆனி மாதத்தில்."

கார்த்திகையில் பேரமைச்சர் மேளதாளத்தோடு கடைக்கரைக்கு வந்தார். பாலத்தில் கால்வைக்கும் முன் நின்றார்.

"இவை நான் மிதித்த பலகைகளா?"

"இந்தப் பக்கம் தாங்கள் மிதிக்காததுதான், ஐயா" என்றார் கண்காணி. அது உண்மை.

பேரமைச்சர் நடந்தார். பத்தாம் பலகையில் கால் தானாக நின்றது. கை தானாக அசைந்தது. திரும்பப்போனவருக்கு, பின்னால் வந்த கண்காணி இருமி நினைவூட்டினார். பதினோராம் பலகையில் அவர் கால் வைத்தபோது கீழே ஆறு உறுமியது. வடத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். ஒரு பாலத்தின் நடுப்பகுதி எப்படியிருக்கும் என்று பாலப் பேரமைச்சர் அன்றுதான் கண்டார். நூற்றிருபது பலகையும் நடந்து அக்கரையில் கால் வைத்தார். மக்கள் மனதாரக் கைதட்டினார்கள். அவரும் மகிழ்ச்சியாக நான்கு வார்த்தை பேசினார். கரை சேர்ந்ததாக ஓலையில் கையெழுத்திட்டார். திரும்பி நடக்க ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது.

"கண்காணி! திரும்பி நடந்தால் ஒரே மிதிதானே?"

"பாலத்தை விட்டு இறங்காமல் திரும்பினால் ஒரே மிதி, ஐயா. தாங்கள் இறங்கி, சொற்பொழிவும் ஆற்றிவிட்டீர்கள்."

"மறுபக்கத்தைத் திருப்பிப் போடு!"

"மறுபக்கம் தாங்கள் திறப்பு விழாக்களில் மிதித்தது. பலகைக்கு மூன்றாவது பக்கம் இல்லை, ஐயா."

பேரமைச்சர் ஆற்றைப் பார்த்தார். "பரிசல் கொண்டுவா."

"எரிச்சாச்சுங்க" என்றான் வீரணன். "ஐயா உத்தரவுதான்."

மாசாணம் முன்னால் வந்து முதுகைக் காட்டினான். "ஏறிக்கிடுங்க. கல்லு சுமந்த முதுகுதான், தாங்கும். ஒங்க காலு பலகையில படாது."

அவன் உண்மையாகத்தான் சொன்னான். ஆனால் பதவி விஷயம். சோதிடரைக் கேட்டுவர இக்கரையிலிருந்து ஆள் போனான். மூன்று நாளில் வந்தவன், பாலத்தில் கால்வைக்கப் பயந்து இக்கரையிலேயே நின்று பதிலைக் கத்தினான்: சுமந்து போனாலும் மிதித்ததாகவே கணக்கு; தண்ணீர் வற்றும் வரை அங்கேயே இருப்பதுதான் கிரகத்துக்கு நல்லது. புதுப்பலகை அறுக்கத் துறையின் முத்திரை வேண்டும். முத்திரை இப்போது குணவாயிலாரிடம் இருக்கிறது. சோதிடரும் அவர் வீட்டில்தான் தங்கியிருக்கிறார். வந்தவன் எல்லாவற்றையும் கத்தியே சொன்னதால் ஊர் முழுவதும் கேட்டது.

பிறகு இன்னொன்றும் தெரியவந்தது. பேரமைச்சர் இக்கரை திரும்பினால்தான் விழா முடிந்ததாகும். விழா முடிந்தால்தான் மிதிபட்ட பலகைகளைக் கழற்றலாம். விழா முடியவில்லை. எனவே அந்தப் பாலத்தில் அரசாங்கம் கைவைக்க முடியாது. கண்காணி விதியை இருமுறை படித்துப் பார்த்துவிட்டு, வருத்தத்தோடு உறுதிசெய்தார். கடைக்கரை அதை வருத்தமில்லாமல் கேட்டுக்கொண்டது.

அன்றிலிருந்து பேரமைச்சரை அந்த ஊர் தாங்கியது. அயிரை மீன் குழம்பும் சாமைச் சோறும் வீட்டுக்கு வீடு முறைவைத்து வந்தன. குளிருக்குக் கம்பளி கொடுத்தார்கள். ஒரு தும்மல் போட்டால் கஷாயத்தோடு நான்கு பெண்கள் வந்தார்கள். அவர் நலமாக இருக்கும்வரை பாலம் நலம் என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும்.

நாலு நாள் சும்மா உட்கார்ந்தவரிடம் சுடலி நாரைக் கொண்டுவந்து போட்டாள்.

"சும்மா இருக்கிற கைதான சாமி. திரிங்க."

அவர் திரித்ததை இழுத்துப்பார்த்தாள். பிரிந்து வந்தது.

"இது கயிறா, வாக்குறுதியா?"

பெண்கள் சிரித்தார்கள். பேரமைச்சருக்கு முகம் சிவந்தது. பிறகு அவரும் சிரித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து திரித்தார். பத்து நாளில் புரி ஓரளவு நின்றது. விரலில் கொப்புளம் வந்து உடைந்து காய்ப்பு பிடித்தது. அதை மாசாணத்திடம் காட்டினார். மாசாணம் மரியாதைக்காகப் பார்த்தான்.

மாலையானால் மாசாணம் வேலை முடிந்து பாலத்தில் வீட்டுக்கு வந்தான். வந்து மெதுவாகப் பேசினான். பழக்கமில்லாத சுடலி, "என்னய்யா முணுமுணுக்கீரு, சத்தமாச் சொல்லும்" என்று அதட்டினாள். அக்கம்பக்கத்தவர்களுக்கு அந்த வீட்டுச் செய்தி எதுவும் கிடைக்காமல் போனது ஒன்றுதான் அந்தப் பருவத்தில் கடைக்கரைக்கு வந்த குறை.

மார்கழியில் ஓலைகள் வந்தன. மாசாணத்தின் சுமையாட்கள் ஊர் ஊராகப் போய் நடந்ததைச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஓர் ஓலை. எல்லாவற்றிலும் ஒரே விண்ணப்பம்.

'பாலத்தை நாங்களே கட்டிக்கொள்கிறோம். மரம் இருக்கிறது, நார் இருக்கிறது, கட்டத் தெரிந்த ஆளும் வந்துவிட்டான். கட்டியதை யாரும் அவிழ்த்துக்கொண்டு போகாமல் இருக்க, எங்கள் ஊர் அக்கரையிலும் தங்குவதற்கு அமைச்சர் ஒருவரை அனுப்பித்தர வேண்டும். சாப்பாடு எங்கள் பொறுப்பு.'

திரித்துக்கொண்டிருந்த கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு பேரமைச்சர் கேட்டார்: "மொத்தம் எத்தனை ஊர்?"

மாசாணம் எண்ணினான். "நாப்பத்தொண்ணு சாமி."

பேரமைச்சர் தம் விரல்களை மடக்கி ஏதோ கூட்டிப்பார்த்தார். "அவையில என்னை விட்டா நாப்பத்தோரு பேருதான் இருக்காங்க."

"அப்ப சரியாத்தான இருக்கு" என்றாள் சுடலி.

பேரமைச்சர் வெற்றோலையும் எழுத்தாணியும் வாங்கிப் பரிந்துரை எழுத உட்கார்ந்தார். முதல் பெயராகக் குணவாயிலாரின் பெயரை எழுதினார்.

"இவருக்கு எந்த ஊரு சாமி?" என்றான் மாசாணம்.

பேரமைச்சர் தலை நிமிராமல் சொன்னார்:

"ஓடை நல்லா அகலமா உள்ள ஊராப் பாத்துப் போடுய்யா."